வழக்கு முடியும்வரை: தலித் உரிமைச் செயல்பாட்டாளரின் வேலை

தமிழ்நாட்டில் ஒரு சாதிக் கொலை நடந்தால் அடுத்த மூன்று நாட்களில் என்ன நடக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் தெரியும். அரசு மருத்துவமனைப் பிணவறை முன்பு கூட்டம் கூடும். உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் உட்காருவார்கள். இயக்கங்களும் கட்சிகளும் வந்து சேரும். கோட்டாட்சியரும் டி.எஸ்.பி.யும் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். கைது, நிவாரணம், அரசு வேலை, வீட்டுமனை என்று கோரிக்கைகள் வைக்கப்படும், எழுத்திலோ வாய்மொழியிலோ ஓர் உறுதிமொழி கிடைக்கும், அடக்கம் முடியும், கூட்டம் கலையும். அதன் பிறகு அந்த வழக்கு ஐந்து ஆண்டும் நடக்கும், இருபது ஆண்டும் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தக் குடும்பம் மட்டும் நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும். எதிர்த் தரப்பில் நாற்பது பேர் வந்து நிற்பார்கள். தலித் உரிமை இயக்கத்தின் வலிமையை அளக்க வேண்டிய இடம் அந்த வராந்தாதான் என்பதே இந்த உரையின் வாதம். தெருப் போராட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவில் திரண்ட கோபம் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆவணமாகவும், அச்சமின்றிப் பேசக்கூடிய சாட்சியாகவும் மாறாதவரை, குற்றவாளி ஜாமீனில் வந்து அதே தெருவில் நடப்பதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக நாடெங்கும் பதிவானவை 57,582. காவல் நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவை இந்தக் கணக்கில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் தண்டனை கிடைக்கும் விகிதம் 2020-இல் 39.2 விழுக்காடாக இருந்து 2022-இல் 32.4-ஆகக் குறைந்தது என்று ஒன்றிய அரசின் அறிக்கையே கூறுகிறது. ஏட்டில் சட்டம் இதற்கு நேர்மாறான திசையில் போயிருக்கிறது. 1989-இல் இயற்றப்பட்ட சட்டம் 2015-இன் திருத்தத்தால், 2016 குடியரசு நாள் முதல், மேலும் வலுப்பெற்றது. குற்றங்களின் பட்டியல் நீண்டது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உரிமைகள் 15-ஏ என்ற பிரிவாகத் தனியே சேர்க்கப்பட்டன. சட்டம் வலுப்பெற்ற பிறகும் தண்டனை குறைகிறது என்றால், கோளாறு சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் இருக்கிறது. புகார், புலனாய்வு, சாட்சி, அரசு வழக்கறிஞர் என்ற அந்த இடைவெளியில்தான் செயல்பாட்டாளருக்கு வேலை இருக்கிறது.

தோற்ற வழக்குகளிலிருந்து தொடங்குவோம். பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு 58 பேர் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் 2010-இல் 26 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம், நேரில் பார்த்தவர்களின் சாட்சியத்தை நம்பாமல், அத்தனை பேரையும் விடுவித்தது. மகாராஷ்டிரத்தின் கைர்லாஞ்சியில் 2006-இல் ஒரே தலித் குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டபோது தண்டனை கிடைத்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது, இது பழிவாங்கல் என்று விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது. கர்நாடகத்தின் கம்பாலபள்ளியில் 2000-இல் ஏழு பேர் வீட்டோடு எரிக்கப்பட்ட வழக்கு, சாட்சிகள் பிறழ்ந்ததால் 2006-இல் விடுதலையில் முடிந்தது. கீழ்வெண்மணியில் 44 பேரைச் சாம்பலாக்கிய வழக்கில், கௌரவமான மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருள்பட உயர் நீதிமன்றம் எழுதியது. நீதிமன்றத்தின் சாதி மனம் இந்தத் தீர்ப்புகளில் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மனம் வந்து உட்காருவதற்கு இடம் கொடுத்தவை என்னவென்று பார்த்தால், தாமதமான வாக்குமூலம், பின்னர் சேர்க்கப்பட்ட பெயர்கள், இருட்டில் எப்படி அடையாளம் தெரிந்தது என்ற கேள்விக்கு முதல் நாளே பதிவாகாத பதில், தனித்து விடப்பட்ட சாட்சி என்று ஒரே வகையான ஓட்டைகளே திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. நீதிபதியின் மனதை மாற்றுவது நம் கையில் இல்லை. இந்த ஓட்டைகளை அடைப்பதில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

வென்ற வழக்குகளும் இதையே காட்டுகின்றன. தலித் இளைஞர் கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று கதை முடிந்திருக்கக்கூடிய வழக்கு அது. முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோகுல்ராஜின் தாய் ஓயவில்லை. நாமக்கல்லில் நியாயமான விசாரணை நடக்காது என்று உயர் நீதிமன்றம் சென்று வழக்கை மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்ற வைத்தார்; தான் நம்பிய வழக்கறிஞரான ப.பா. மோகனைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்க வைத்தார். பிறழ்ந்த சாட்சி இல்லாமலே, கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு உள்ளிட்ட சாட்சியங்களைக் கொண்டு 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் இருவரின் தண்டனையைக் குறைத்து, மற்றவர்களின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. சாதி மறுத்து மணந்ததற்காக விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன் வழக்கு இன்னும் கடுமையானது. முதல் தகவல் அறிக்கையே ஒன்பது நாள் கழித்துத்தான் பதிவானது. உள்ளூர்க் காவல்துறை தலித்துகளையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. வந்தது. 18 ஆண்டுகள் கழித்து, 2021-இல், காவல் அதிகாரிகள் உட்பட 13 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குடும்பத்தின் பக்கம் இத்தனை காலமும் நின்ற வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோரின் விடாப்பிடி இல்லையென்றால் அந்தக் கோப்பு என்றோ மூடப்பட்டிருக்கும். வாச்சாத்தியும் அப்படித்தான். அங்கே பாதிக்கப்பட்டோர் பழங்குடியினர், சட்டம் ஒன்றே. 1992 ஜூனில் அந்த ஊரில் நடந்த பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட கொடுமைகளுக்கு 269 அரசு ஊழியர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பாதிக்கப்பட்ட பெண்களோடு 19 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறின என்பதை நீக்கிவிட்டு இந்த வெற்றியை விளக்க முடியாது.

ஆகவே முதல் மூன்று நாளுக்குத் திரும்புவோம். உடலை வாங்க மறுக்கும் அந்த நேரத்தில்தான் அரசு நம் பேச்சைக் கேட்கிறது. அந்தப் பலத்தை எதற்குச் செலவிடுகிறோம்? கொலை வழக்கில் 8,25,000 ரூபாய் நிவாரணத்தை 2016-இன் விதிகளே தருகின்றன: உடற்கூராய்வுக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போது மீதி. விதிகளில் எழுதியிருப்பதை ஆட்சியரின் கருணைபோலப் பேரம் பேசி வாங்கிவிட்டு, அதையே வெற்றி என்று அறிவித்துக் கலைகிறோம். நிவாரணத்தை உரிமையாகக் கேளுங்கள். அதற்கு ஒரு மனு போதும். மறியலின் பலத்தை வேறு இடத்தில் வையுங்கள். எந்தெந்தப் பிரிவுகளில் வழக்கு பதிவாகிறது, டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத எந்த அதிகாரி விசாரிக்கிறார், அவர் உள்ளூர் ஆதிக்கச் சாதியின் செல்வாக்குக்கு உட்பட்டவரா, சம்பவ இடம் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா, சுற்றியுள்ள கண்காணிப்புக் கேமராக்களின் ஹார்டு டிஸ்க் கைப்பற்றப்பட்டதா, சாட்சிகளுக்கு யார் பாதுகாப்பு என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். வேலை ஆணை ஒரு மாதம் தாமதித்தால் பரவாயில்லை. அந்தப் பதிவு போனால் திரும்ப வராது.

கொலை அல்லாத வழக்குகளே எண்ணிக்கையில் அதிகம். அவற்றில் புகார் எழுதும் விதம்தான் பாதி வழக்கு. பழைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் மக்கள் இன்றும் 'பி.சி.ஆர். கேஸ்' என்று சொல்லும் இந்த வழக்குகளில் சாதி சொல்லித் திட்டியதாகப் புகார் கொடுத்தால், அது பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்பதே முதல் கேள்வியாக எழும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் நடந்த இழிவு அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'என்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்' என்ற ஒற்றை வரி போதாது. டீக்கடை வாசலா, ரேஷன் கடை வரிசையா, வயல் வரப்பா, மணி என்ன, பக்கத்தில் நின்றவர்கள் யார் யார், அவர்களில் நம் உறவினர் அல்லாதவர் யார், சொன்ன வார்த்தை எது என்பதெல்லாம் முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். அந்த வார்த்தையை எழுதக் கூசி 'தகாத வார்த்தை' என்று நாகரிகமாக்கினால் குற்றமே காணாமல் போகிறது. எதிரி நம் குடும்பத்தை முன்பே அறிந்தவர் என்பதையும் எழுதுங்கள்; நம் சாதி அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றம் ஊகிக்க 8-ஆம் பிரிவு வழிசெய்கிறது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், எழுதியதை அவருக்கு வாசித்துக்காட்டிய பிறகே காவல் அதிகாரி கையெழுத்து வாங்க வேண்டும். அப்படிச் செய்யாதது 4-ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. பல நிலையங்களில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. அன்றே காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் புகாரை அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாளை 'ஏன் தாமதம்' என்று குறுக்கு விசாரணையில் கேட்கும்போது அந்தத் தபால் ரசீதுதான் பேசும். அடிபட்டவர் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. 'எப்படிக் காயம்' என்று பணி மருத்துவர் கேட்கும்போது தாக்கியவர்கள் யார், எதனால் தாக்கினார்கள் என்பது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். சாதிச் சான்றிதழை முதல் வாரமே ஒப்படையுங்கள். சான்றிதழ் வரவில்லை என்ற காரணத்தாலேயே குற்றப்பத்திரிகை மாதக்கணக்கில் கிடப்பதுண்டு. குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியிருந்தால் 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இல்லை, இந்தச் சட்டமும் துணைக்கு வராது. அநீதியான நிலை அது. மாற்றப் போராட வேண்டும். ஆனால் அதைத் தொடக்கத்திலேயே அறிந்து, வேறு பிரிவுகளில் வழக்கை வலுவாகக் கட்டுவதுதான் அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி.

செல்பேசி பற்றி ஒரு வார்த்தை. சம்பவம் நடந்த அன்றே சாட்சியைப் பேச வைத்துப் படமெடுத்து இணையத்தில் போடும் வழக்கம் பரவிவிட்டது. அதிர்ச்சியில் இருக்கும் மனிதர் 'ஐந்து பேர்' என்பார். காவல்துறையிடம் 'ஏழு பேர்' என்பார். மூன்று ஆண்டு கழித்து எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அந்தக் காணொளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நல்லெண்ணத்தில் எடுத்தது முரண்பாடு ஆகிவிடும். சேதத்தைப் படமெடுங்கள், காயத்தைப் படமெடுங்கள், எடுத்த கருவியை அழிக்காமல் வைத்திருங்கள். சாட்சியின் வாக்குமூலத்தை விசாரணை அதிகாரிக்கும் நடுவருக்கும் விட்டுவிடுங்கள். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். அந்தப் பெண்ணிடம் விவரம் கேட்கப் போகும் குழுவில் பெண்கள் இல்லையென்றால் போகவே வேண்டாம். உண்மையறியும் குழு அறிக்கை எழுதும்போது கண்டது எது, கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். ஊர்ப் பகையை மனதில் வைத்து இருபது பெயரைச் சேர்க்கச் சொல்லும் உறவினர் எங்கும் இருப்பார். அவரைத் தடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு பெயர் உண்மையான பத்துப் பெயரையும் காப்பாற்றிவிடும்.

இனி சாட்சி. நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர், தன் நிலம் ஊர்க்காரர் வரப்பைத் தாண்டி இருப்பவர், ஆட்டை அவர்கள் காட்டில் மேய்ப்பவர். இவர்தான் நம் சாட்சி. இவர் பிறழ்ந்தால் துரோகி என்று சொல்வது எளிது. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பயணப்படி, தினப்படி, பராமரிப்புச் செலவு ஆகியவற்றைச் சாட்சிக்கு அரசு தர வேண்டும் என்கிறது 1995-இன் விதிகளில் 11-ஆவது. கேட்டு வாங்குவோர் மிகக் குறைவு. சாட்சிக்கு இடமாற்றமும் பாதுகாப்பும் கேட்க 15-ஏ பிரிவு வழிவகுக்கிறது. தன்னார்வ அமைப்பு, சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் துணையைப் பெறும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. நீதிமன்றத்தில் நீங்கள் அவர் பக்கத்தில் நிற்பது சட்டம் தந்த இடம், யாருடைய தயவும் அல்ல. ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதும் கட்டாயம்; அறிவிப்பின்றித் தரப்பட்ட ஜாமீனை 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அரசு வழக்கறிஞர் சரியில்லை என்றால் பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரை ஆட்சியர் நியமிக்க 4-ஆம் விதியின் 5-ஆவது உட்பிரிவு இடம் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கூடியதா, அதில் இந்த வழக்கு பேசப்பட்டதா என்று கேட்க ஆட்சியருக்கு ஒரு தகவல் உரிமை மனு போதும்.

இதற்கெல்லாம் எழும் மறுப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மறுப்பு அரசியல் சார்ந்தது: சாதியைச் சட்டம் ஒழிக்காது, கோப்பு தூக்கும் வேலை இயக்கத்தைத் தொண்டு நிறுவனமாக்கிவிடும். அண்ணல் அம்பேத்கர் மகாடில் செய்ததை இதற்கு மறுமொழியாக வைக்கிறேன். 1927 மார்ச் 20 அன்று சவ்தார் குளத்தில் நீர் அருந்தியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதே ஆண்டு டிசம்பரில், குளம் தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டுத் தற்காலிகத் தடையும் வாங்கினார்கள். அந்த வழக்கை அம்பேத்கர் விட்டுவிடவில்லை. குளம் நகராட்சியின் சொத்து என்பதும், தீண்டப்படாதோரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என்ற வாதம் நிரூபணமாகவில்லை என்பதும் கீழ் நீதிமன்றங்களில் நிலைநாட்டப்பட்டு, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்று வென்றன. இடைப்பட்ட பத்தாண்டில் அவர் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார், புதிய கட்சி தொடங்கினார். மகாட் வழக்கு அவருடைய அரசியலைச் சுருக்கிவிடவில்லை. தெருவில் வென்றதை ஆவணத்தில் இழக்கக் கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது மறுப்பு மக்களிடமிருந்தே வருவது; அதனால் கனமானது. 'நாங்கள் இந்த ஊரில்தான் வாழ வேண்டும். ராஜியாகப் போனால் என்ன?' எதிர் வழக்கு ஒன்றைப் போட்டு, இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லும் உத்தி எல்லா மாவட்டத்திலும் உண்டு. இந்தக் குற்றங்கள் சமரசத்துக்கு உரியவை அல்ல. தனிப்பட்ட தகராறு சார்ந்த சில வழக்குகளை மட்டும் சமரசத்தின் பேரில் ரத்துசெய்ய மேல் நீதிமன்றங்களுக்கு வழி உண்டு. சட்டம் இப்படி இருக்க, முடிவு யாருடையது? சாகப்போவதும் வாழப்போவதும் அந்தக் குடும்பம், முடிவும் அவர்களுடையதே. ஆனால் பயத்தில் எடுத்தது முடிவாகாது. கூலிக்கு வேறு வழி, பிள்ளைக்குப் பள்ளி, பாதுகாப்பான வீடு என்று மூன்றையும் ஏற்பாடு செய்த பிறகும் அவர்கள் ராஜிக்குப் போனால் மரியாதையோடு விலகுங்கள். எதையும் ஏற்பாடு செய்யாமல் 'விட்டுக்கொடுக்காதே' என்று மேடையில் மட்டும் சொல்வது அந்தக் குடும்பத்தின்மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

மூன்றாவது, சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்ற கூச்சல். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அந்தக் கருத்தை ஏற்று, கைதுக்கு முன் அனுமதி, பூர்வாங்க விசாரணை என்ற நிபந்தனைகளை விதித்தது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய போராட்டம் எழுந்தது. அந்த நிபந்தனைகளை நீக்கும் 18-ஏ பிரிவை நாடாளுமன்றம் சேர்த்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் தன் ஆணைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18-ஏ செல்லும் என்றது. விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று கணக்குப் போடுகிறவர்களுக்குக் கம்பாலபள்ளியே பதில்: ஏழு பேர் எரிந்தது பொய்யா? இருந்தும், ஒரு பொய்ப் புகார்கூட நம் கையால் போகக் கூடாது. தனிப்பட்ட கடன் தகராறைச் சாதி வழக்காக்கித் தரும்படி யாராவது கேட்டால் மறுக்கும் துணிவு செயல்பாட்டாளருக்கு வேண்டும். நிவாரணத் தொகையில் பங்கு கேட்பவர்கள் நம்மிடையே முளைத்திருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரை இயக்கம் அன்றே வெளியேற்ற வேண்டும். அவர் செய்யும் கேடு எதிரி செய்வதைவிடப் பெரிது.

தீர்ப்போடும் வேலை முடிவதில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேர், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய முன்கூட்டிய விடுதலைத் திட்டத்தில், 2019 நவம்பரில் வெளியே வந்தார்கள். அந்தக் கோப்பையும் யாராவது கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இந்த அவையில் இருக்கும் இளம் செயல்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில் இப்போது நிலுவையில் இருக்கும் வன்கொடுமை வழக்குகளின் பட்டியலை எடுங்கள். மின்நீதிமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரு வழக்குக்கு ஒருவர் என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா எந்த நாள் என்று பாருங்கள். அன்று காலை பத்து மணிக்கு அந்தக் குடும்பத்துக்கு முன்பாக நீங்கள் நீதிமன்றத்தில் இருங்கள்.